மெக்கட்சனுக்கு இன்னொரு வருடம் கொடுக்கலாமா? (பிட்ஸ்பர்க் பைரேட்ஸ்)

மூன்றாறு:

வணக்கம் மக்களே. 2025 உலகத் தொடர், அதாவது அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடர், முடிந்துவிட்டது, டாட்ஜர்ஸ் தொடர்ந்து இரண்டாவது வருடமாகக் கோப்பையைத் தூக்கிவிட்டார்கள், நம்ம பைரேட்ஸ் 71 வெற்றி 91 தோல்வி என்று பிரிவின் அடியில் கிடக்கிறது. இனி குளிர்காலம் முழுக்க பிட்ஸ்பர்க்கில் ஒரே பேச்சுதான் இருக்கும். ஆண்ட்ரூ மெக்கட்சனை 2026-க்கும் வைத்துக்கொள்வதா, இல்லை கைகுலுக்கி அனுப்பிவைப்பதா.

புதிதாக பேஸ்பால் பார்க்க ஆரம்பித்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. 2005 டிராஃப்டில் (இளம் ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) 11-வதாக பைரேட்ஸ் எடுத்த பையன், 2009-ல் இறங்கினார், 2013-ல் நேஷனல் லீக் எம்விபி, அதாவது அந்த லீக்கின் மிகச்சிறந்த ஆட்டக்காரர். அந்த 2013-ஐப் பற்றித் தெரியாமல் இந்த ஊர் ஏன் இவருக்காக இப்படி உருகுகிறது என்று புரியாது. அணியின் நட்சத்திரம் பாரி பாண்ட்ஸ் 1992 சீசன் முடிந்து சான் பிரான்சிஸ்கோவுக்குக் கிளம்பிப் போனாரே, அதற்கப்புறம் வரிசையாக 20 சீசன், ஒன்றில்கூட வெற்றி தோல்வியைத் தாண்டவில்லை. அந்தச் சாபத்தை முடித்தது மெக்கட்சன் தலைமையில் ஆடிய அணிதான். 2013 அக்டோபர் 1 வைல்ட் கார்டு ஆட்டத்தில் கூட்டம் மொத்தமும் கறுப்புச் சட்டையில் வந்து, எதிரணி பிட்சர் (பந்து வீசுபவர்) குவேட்டோவின் பெயரை ராகம் போட்டு இழுத்து இழுத்துக் கத்த, அந்த மனிதர் கையிலிருந்த பந்தையே நழுவவிட்டார், அடுத்த பந்தே ரஸ்ஸல் மார்ட்டின் ஹோம் ரன். பிட்ஸ்பர்க்கில் 2013 என்று ஆரம்பித்தாலே எல்லோரும் அங்கே வந்து நிற்பார்கள்.

அப்புறம் 2018 ஜனவரியில் அவரை விற்றார்கள், ஜயன்ட்ஸ், யாங்கீஸ், ஃபிலடெல்ஃபியா, மில்வாக்கி என்று சுற்றிவிட்டு 2023-ல் திரும்பி வந்தார். 2023, 24, 25 மூன்று வருடமும் ஒரு வருட ஒப்பந்தம்தான், ஒவ்வொன்றும் 5 மில்லியன் டாலர். அக்டோபரில் வயது 39 ஆகிவிட்டது. 2025-ல் 135 ஆட்டம், 13 ஹோம் ரன், பேட்டிங் சராசரி .239. ஜூனில் பைரேட்ஸுக்காக அவர் அடித்த 241-வது ஹோம் ரன்னோடு ராபர்ட்டோ கிளெமென்டேயையே தாண்டிவிட்டார், இப்போது அணியின் பட்டியலில் அவருக்கு மேலே வில்லி ஸ்டார்ஜெல்லும் ரால்ஃப் கைனரும் மட்டும்தான்.

வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் அது மனசு சொல்வதா மூளை சொல்வதா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. அதனால்தான் இங்கே கேட்கிறேன். திட்டுவதென்றாலும் திட்டுங்கள், ஆனால் காரணம் சொல்லித் திட்டுங்கள்.

கணக்கப்பிள்ளை:

திட்டவில்லை. ஆனால் நேராகவே சொல்லிவிடுகிறேன், வேண்டாம்.

இந்த அணி 2025-ல் எடுத்த ரன்களில் 30 அணிகளில் கடைசி, ஹோம் ரன்னிலும் கடைசி, மொத்தமே 117. பால் ஸ்கீன்ஸ் என்று ஒரு பையன் 1.97 ஈ.ஆர்.ஏ. போட்டு சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை ஒருமனதாக வாங்குகிறான், அவனுடைய வெற்றி தோல்வி 10-10! சராசரியாக ஒரு முழு ஆட்டத்துக்கு இரண்டு ரன்கூட விட்டுக்கொடுக்காத பிட்சருக்கு 10 தோல்வி. இதைவிட ஒரு அணியின் பேட்டிங்கை எப்படிக் கேவலப்படுத்த முடியும் என்று தெரியவில்லை.

இப்படி ஒரு அணியில் டிஎச் இடம் எவ்வளவு விலைமதிப்பானது என்று யோசியுங்கள். டிஎச் என்றால் ஃபீல்டிங்குக்கே போகாமல் அடிக்க மட்டும் வருகிறவர். நேஷனல் லீக்கில் அந்த இடம் நிரந்தரமாக வந்ததே 2022-லிருந்துதான். அங்கே ஒருத்தரை உட்கார வைக்கிறோம் என்றால் அவருக்கு இருக்கும் ஒரே வேலை அடிப்பது. மெக்கட்சன் 2023-ல் வந்தபோது பேஸுக்குப் போகும் விகிதம் .378 இருந்தது, அருமை, நானே கைதட்டினேன். 2025-ல் அது .333. அதுகூடப் பரவாயில்லை, பொறுமையாகப் பந்தை விட்டு நடந்து போகிற கண் இன்னும் அவருக்கு இருக்கிறது. பலம்தான் போய்விட்டது. ஸ்லகிங் (அடியின் பலத்தைக் காட்டும் கணக்கு) 2024-ல் .411, 2025-ல் .367. ஷார்ட்ஸ்டாப் (ஃபீல்டிங்கில் முக்கியமான இடம்) ஆடுகிறவர் .367 வைத்திருந்தால் சமாளிக்கலாம், தடுப்புக்கென்று ஏதாவது பங்களிப்பு இருக்கும். டிஎச்-க்கு .367 என்பது எந்தக் கணக்கிலும் உதைக்கும்.

இன்னொன்று, பிரையன் ரெனால்ட்ஸ். ஜனவரியில் 31 ஆகப் போகிறது, 2030 வரை ஒப்பந்தம் இருக்கிறது. அவருக்கும் இனி வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ஓடாமல் அடிக்க மட்டும் இடம் வேண்டும். அந்த இடத்தில் முழுநேரமாக ஒருவர் உட்கார்ந்துகொண்டால் மேனேஜர் டான் கெல்லி யாரையும் ஓய்வெடுக்க வைக்க முடியாது. ரோஸ்டரில், அதாவது அணிப் பட்டியலில், 26 பேர். அதில் 13 பேர் பிட்சர்கள். மிச்சம் 13-ல் அவுட்ஃபீல்டில் நிற்க முடியாத ஒருவரை வைத்தால் பெஞ்சில் நீங்கள் நினைத்தபடி எதையுமே நகர்த்த முடியாது.

ஒரு வேடிக்கை பாருங்கள், 2018-ல் மெக்கட்சனை விற்றபோது ஊரே அழுதது. அந்த விற்பனையில் ஜயன்ட்ஸிடமிருந்து வந்த பையன்தான் இந்த ரெனால்ட்ஸ். 2019-லிருந்து அணியின் முதுகெலும்பு. அதாவது சரியான நேரத்தில் கையை விட்டதால்தான் இந்த அணிக்கு ஏதாவது மிஞ்சியது.

டெட்ராய்ட்_வாசி:

இந்த விவாதத்தை நாங்கள் டெட்ராய்ட்டில் கிட்டத்தட்ட ஏழு வருடம் நடத்திவிட்டோம், அதனால் ஒரு பழைய நோயாளியாகச் சொல்கிறேன்.

மிகேல் கப்ரேரா. 2012-ல் டிரிபிள் கிரவுன், அதாவது சராசரி, ஹோம் ரன், ஆர்பிஐ (அவர் அடியால் அணிக்கு வந்த ரன்கள்) மூன்றிலும் லீக்கில் முதலிடம், 1967-ல் யஸ்ட்ரெம்ஸ்கிக்கு அப்புறம் யாருமே செய்யாதது. கையில் ஏற்கெனவே இரண்டு வருட ஒப்பந்தம் மிச்சம் இருக்கும்போதே 2014-ல் அவருக்கு மேலும் எட்டு வருடம், 248 மில்லியன் எழுதிக் கொடுத்தார்கள். அது 2016-ல் ஆரம்பித்து 2023 வரை ஓடியது. 2017 முதல் 2023 வரை டைகர்ஸ் ஒரு சீசனில்கூட வெற்றிக் கணக்கில் முடிக்கவில்லை. 2019-ல் 114 தோல்வி. கடைசி இரண்டு வருடமும் அவர் சம்பளம் தலா 32 மில்லியன், 2022-ல் அவர் அடித்தது 5 ஹோம் ரன், 2023-ல் 4.

ஆனாலும் 2022 ஏப்ரலில் கொமெரிக்கா பார்க்கில் அவர் 3000-வது ஹிட் அடித்த நாளில் மைதானமே எழுந்து நின்றது, நானும் நின்றேன், அதைக் கோப்பை வாங்கித் தந்த ஆட்டம்போல இன்னும் பேசுகிறோம். இரண்டும் உண்மைதான். அவரால் அணி தோற்றது என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவேன், ஏனென்றால் அந்த வருடங்களில் டைகர்ஸிடம் பிட்சிங்கும் இல்லை, வேறு பேட்டரும் இல்லை, அவர் இல்லாமலிருந்தாலும் 100 தோல்விதான். ஆனால் அவர் போன மறுவருடம், 2024-ல், பத்து வருடத்துக்கு அப்புறம் பிளேஆஃப் போனோம் என்பதும் நடந்தது. அதற்கு முக்கியக் காரணம் தாரிக் ஸ்கூபல் என்ற பிட்சர், கப்ரேரா போனது இல்லை. இருந்தாலும் டிஎச் இடம் திறந்ததும் நாலைந்து இளம் பையன்கள் மாறி மாறி ஆட முடிந்தது என்பதை மறுக்க மாட்டேன்.

நான் சொல்ல வருவது இது. கப்ரேராவையும் மெக்கட்சனையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். எங்களை அழுத்தியது வயதைவிட அந்தக் காகிதம்தான். எட்டு வருட ஒப்பந்தத்தில் ஆள் அடித்தாலும் அடிக்காவிட்டாலும் இறக்கியே ஆக வேண்டும் என்று ஒரு கட்டாயம் வந்துவிடும், 32 மில்லியன் வாங்குகிறவரை பெஞ்சில் உட்கார வைக்க எந்த மேனேஜருக்கும் தைரியம் வராது. ஒரு வருடம், 5 மில்லியன் என்றால் ஜூனில் சரிப்படவில்லை என்றால் உட்கார வைக்கலாம், கேட்பார் இல்லை. அப்படிச் செய்வார்களா என்பது வேறு கேள்வி.

மஞ்சள்_சட்டை_7:

தோனி நினைவுக்கு வருகிறார் என்று இன்னும் யாரும் சொல்லாததே ஆச்சரியம் :) 2025-க்கு சிஎஸ்கே 4 கோடிக்கு வைத்துக்கொண்டது, அந்த வருடம் பட்டியலில் கடைசி இடம், ஆனாலும் ஸ்டேடியம் நிரம்பியது. ஊர் விட்டுக்கொடுக்காது அண்ணா. அங்கேயும் அப்படித்தான் இருக்கும்.

கணக்கப்பிள்ளை:

@மஞ்சள்_சட்டை_7 தம்பி, இழுக்காமல் இருக்க மாட்டீர்கள் என்று தெரியும். ஆனால் கணக்கு வேறு. ஐபிஎல்-லில் ஒவ்வொரு அணிக்கும் பர்ஸ் இவ்வளவுதான் என்று உச்சவரம்பு உண்டு, அதனால் ஒருவருக்குக் கொடுக்கிற கோடி இன்னொருவரிடமிருந்து வருகிறது. பேஸ்பாலில் உச்சவரம்பு கிடையாது, அணியின் மொத்தச் சம்பளம் 2025 கணக்குப்படி 241 மில்லியனைத் தாண்டினால் ஆடம்பர வரி என்று ஒன்று உண்டு, பைரேட்ஸ் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததே இல்லை. அதனால் 5 மில்லியன் எனக்கு ஒரு பொருட்டே இல்லை, அது முதலாளி பாப் நட்டிங்கின் பாக்கெட்டில் இருந்து வருவது, எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கட்டும். நான் அழுவது அந்த 26-ல் ஒரு இடத்துக்கு. அதற்கு மட்டும் வரம்பு இருக்கிறது.

வடகரை:

பாப் நட்டிங் என்ற பெயரைச் சொல்லிவிட்டீர்கள், அதனால் நானும் வருகிறேன். இந்தத் திரியில் எல்லோரும் தப்பான ஆளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது.

2025 ஏப்ரலில் நடந்ததை மறந்துவிட்டீர்களா? பைரேட்ஸின் மைதானமான பிஎன்சி பார்க்கின் வலது பக்கச் சுவர் 21 அடி உயரம், ஏன் 21 என்றால் கிளெமென்டேயின் எண் 21. அந்த மனிதர் 1972 கடைசி நாளில் நிகராகுவா பூகம்பத்துக்கு நிவாரணம் எடுத்துக்கொண்டு போன விமானம் விழுந்து இறந்தவர், இந்த ஊருக்கு அவர் வெறும் ஆட்டக்காரர் இல்லை. அவருடைய 21 என்ற அடையாளத்தை அந்தச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு மதுபான விளம்பரத்தை வைத்தார்கள். குடும்பத்தினர் வருத்தப்பட்டார்கள், ஊர் கொதித்தது, அப்புறம் மன்னிப்புக் கேட்டு விளம்பரத்தை எடுத்தார்கள். அதே மாதத்தில் ரசிகர்கள் காசு கொடுத்துப் பெயர் பொறித்து வைத்த செங்கற்கள் மறுசுழற்சி நிலையத்தில் கிடந்த படம் வேறு வந்தது. மைதானத்தில் 'அணியை விற்றுவிடு' என்று கோஷம். மே மாதம் மேனேஜர் ஷெல்டனை வெளியே அனுப்பினார்கள், ஏதோ அவர்தான் பேட்டர்களை வாங்க மறுத்ததுபோல.

இப்படிப்பட்ட நிர்வாகத்துக்கு மெக்கட்சன் யார்? திரைச்சீலை. ஒவ்வொரு டிசம்பரிலோ ஜனவரியிலோ 'கட்ச் திரும்பி வருகிறார்' (கட்ச் என்பது அவருடைய செல்லப்பெயர்) என்று ஒரு அறிவிப்பு, கண்ணீர், கைதட்டல், டிக்கெட் விற்பனை, அந்தச் சத்தத்தில் அந்தக் குளிர்காலத்தில் வேறு பெரிய ஆள் யாரையும் வாங்கவில்லை என்பதே அமுங்கிப் போகிறது. மூன்று குளிர்காலமாக இதுதான் நடக்கிறது. கணக்கப்பிள்ளை சொல்கிறாரே .367 ஸ்லகிங் என்று, 38 வயதுக்காரர் .367 அடித்தது அவர் குற்றமா? அவரை 135 ஆட்டத்தில் இறக்க வேண்டிய நிலைக்கு அணியைக் கொண்டுவந்தவர்கள் குற்றமா? நல்ல அணியில் அவர் ஏழாவதாகவோ எட்டாவதாகவோ வந்து வாரத்தில் மூன்று நாள் அடித்துவிட்டுப் போவார். இங்கே அவர்தான் முக்கிய பேட்டர்களில் ஒருவர்! அதைத்தான் நீங்கள் கேட்க வேண்டும், மூன்றாறு.

ஸ்கீன்ஸ் 2029 சீசன் முடிந்ததும் சுதந்திரமாகப் போகலாம். 2025-ல் அவர் வாங்கிய சம்பளம் ஒரு மில்லியன் டாலருக்கும் கீழே. உலகத்தின் மிகச்சிறந்த பிட்சர் ஒரு மில்லியனுக்கும் குறைவாகக் கிடைக்கிறபோதுகூட ஒரு நல்ல பேட்டரை வாங்கமாட்டேன் என்கிறவரிடம் 39 வயதுக்காரரை வைத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று விவாதித்து என்ன பயன்.

மூன்றாறு:

வடகரை சொல்வது எல்லாம் சரி, கோபமும் நியாயம், ஆனால் 'முதலாளி மோசம்' என்பது என் கேள்விக்குப் பதில் இல்லையே. முதலாளி நாளைக்கே மாறப்போவதில்லை. இருக்கிற நிலைமையில் என்ன செய்வது?

செயின்ட் லூயிஸ் செய்ததைப் பாருங்கள். ஆல்பர்ட் புஹோல்ஸ் 42 வயதில், வெறும் 2.5 மில்லியனுக்கு, 2022-ல் கார்டினல்ஸுக்குத் திரும்பி வந்தார். அதற்கு முந்தைய வருடம் மே மாதம் ஏஞ்சல்ஸ் அவரைத் தூக்கியெறிந்திருந்தது, 240 மில்லியன் ஒப்பந்தத்தின் கடைசி வருடத்தில். செயின்ட் லூயிஸில் 24 ஹோம் ரன் அடித்தார், வாழ்நாள் கணக்கில் 700-ஐத் தாண்டி 703-ல் நிறுத்தினார், கார்டினல்ஸ் பிரிவையும் வென்றது. ஊருக்கும் சந்தோஷம், அணிக்கும் பயன். ஏன் பிட்ஸ்பர்க்கில் அது நடக்கக் கூடாது? மெக்கட்சன் அன்றைய புஹோல்ஸைவிட மூன்று வயது இளையவர் வேறு.

வளைவடி (செயின்ட் லூயிஸ்):

எங்கள் ஊர் பெயர் வந்ததால் எட்டிப் பார்த்தேன்.

புஹோல்ஸ் கதையைச் சொல்லும்போது எல்லோரும் கடைசி மூன்று மாதத்தைத்தான் சொல்கிறார்கள், முதல் மூன்று மாதத்தை விட்டுவிடுகிறார்கள். ஜூலை ஆரம்பத்தில் அவர் சராசரி .200-ஐ ஒட்டித் தவழ்ந்துகொண்டிருந்தது. ஆல்-ஸ்டார் இடைவெளி (ஜூலை நடுவில் வரும் சிறு விடுமுறை) வரை மொத்தம் 6 ஹோம் ரன். இங்கே வானொலியில் 'பாவம், இந்த நிலைமையில் பார்க்கவா திரும்ப அழைத்தோம்' என்று பேசிய காலம் அது. இடைவெளிக்கு அப்புறம் 18 ஹோம் ரன். எப்படி என்று இன்னும் யாருக்கும் சரியாக விளக்கத் தெரியாது, அதனால் அதை ஒரு திட்டமாக எடுத்து இன்னொரு ஊருக்குக் கொண்டுபோகாதீர்கள்.

ஆனால் ஒரு விஷயம் திட்டம்போட்டுத்தான் நடந்தது. புஹோல்ஸ் வலது கை பேட்டர், அவரைப் பெரும்பாலும் இடது கை பிட்சர் வருகிற நாளில்தான் இறக்கினார்கள், அவர் அவர்களை நொறுக்கினார். ஏன் அப்படித் தேர்ந்தெடுத்து இறக்க முடிந்தது? ஏனென்றால் அந்த அணியில் பால் கோல்ட்ஷ்மிட் அந்த வருடம் எம்விபி, நோலன் அரெனாடோ அதே விருதுக்கான வாக்கில் மூன்றாவது. புஹோல்ஸ் அடிக்காவிட்டாலும் அணி ஓடும். அதனால்தான் மேனேஜர் பொறுமையாகக் காத்திருக்க முடிந்தது. உங்கள் பைரேட்ஸில் கோல்ட்ஷ்மிட் எங்கே, அரெனாடோ எங்கே? இந்த இடத்தில் வடகரை சொன்னது சரிதான், சுற்றி யார் இருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் வயதானவர் பாரமா பலமா என்பது தெரியும்.

எதிர்ப்பக்க உதாரணமும் சொல்லிவிடுகிறேன், நியாயத்துக்கு. கென் கிரிஃபி ஜூனியர், 630 ஹோம் ரன் அடித்தவர், தன் பழைய ஊரான சியாட்டிலுக்கு 2009-ல் திரும்பி வந்தார், அந்த வருடம் 19 அடித்தார், எல்லோரும் மகிழ்ந்தார்கள். இன்னும் ஒரு வருடம் என்று 2010-லும் வைத்துக்கொண்டார்கள். சராசரி .184, ஹோம் ரன் பூஜ்யம், ஜூன் 2 அன்று ஓய்வு அறிவித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். ஒரு வருடம் கூடுதலாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதுவும் ஒரு பதில். இரண்டு கதைக்கும் நடுவில் எங்கே கோடு போடுவது என்று தெரிந்தால் நான் ஏதாவது ஓர் அணிக்கு ஜெனரல் மேனேஜராகப் போயிருப்பேன்.

டெட்ராய்ட்_வாசி:

இப்போது முடிந்த சீசனையே எடுத்துக்கொள்ளுங்களேன், புஹோல்ஸுக்கு ஏன் போக வேண்டும். டாட்ஜர்ஸ் பிட்சர் கிளேட்டன் கெர்ஷா, 2024-ல் ஏழே ஏழு ஆட்டம் ஆடினார், அப்புறம் முழங்கால், கால் விரல் என்று அறுவை சிகிச்சை. டாட்ஜர்ஸ் 7.5 மில்லியன் அடிப்படை, மேற்கொண்டு ஆடினால் கூடுதல் என்று எழுதி வைத்துக்கொண்டது. 11-2, ஈ.ஆர்.ஏ. 3.36, ஜூலையில் 3000-வது ஸ்ட்ரைக்அவுட். பிளேஆஃபில் அவரைத் தொடக்க பிட்சராகப் போடவில்லை, புல்பென்னில் (மாற்று பிட்சர்கள் காத்திருக்கும் இடம்) உட்கார வைத்தார்கள், முணுமுணுக்காமல் உட்கார்ந்தார். உலகத் தொடர் மூன்றாவது ஆட்டம் 18 இன்னிங்ஸ் ஓடியதே, அதில் 12-வதில் மூன்று பேஸிலும் ஆள் நிற்கும்போது வந்து ஒரே ஒருவரை அவுட்டாக்கிவிட்டுப் போனார், அந்த ஒரு அவுட் இல்லையென்றால் அந்த ஆட்டம் போயிருக்கலாம்.

எனக்கு அதில் பிடித்தது ஒப்பந்தத்தின் அமைப்பு. வேலை இவ்வளவுதான் என்று இரண்டு பக்கமும் முதலிலேயே பேசிவிட்டார்கள். மெக்கட்சனிடம் பைரேட்ஸ் அப்படிப் பேசுவார்களா? 'கட்ச், உனக்கு 70, 80 ஆட்டம், இடது கை பிட்சர் வரும் நாள், ஆறாவது ஏழாவது இன்னிங்ஸில் மாற்று பேட்டராக, மற்ற நாள் பெஞ்சில் இருந்து பையன்களைப் பார்த்துக்கொள்' என்று. அவர் ஒத்துக்கொள்வார் என்று எனக்கு நிச்சயமில்லை. அவருக்கும் தினமும் ஆட ஆசை இருக்கும், அதில் தப்பில்லை.

வடகரை:

'பையன்களைப் பார்த்துக்கொள்' என்பது மட்டும் எனக்கு ஒவ்வாத வாதம். கான்னர் கிரிஃபின் 19 வயதில் நாட்டிலேயே முதல் இடத்தில் இருக்கும் இளம் ஆட்டக்காரர், சீக்கிரம் வந்துவிடுவார், அவருக்கு வழிகாட்ட ஒரு மூத்தவர் வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். வேண்டும்தான், ஆனால் அதற்கு ரோஸ்டரில் இடம் எதற்கு? ஜப்பானிய நட்சத்திரம் இச்சிரோவை சியாட்டில் 2018 மே மாதம் என்ன செய்தது? ரோஸ்டரிலிருந்து எடுத்துவிட்டு, சிறப்பு உதவியாளர் என்று ஒரு பதவி கொடுத்து, தினமும் அணியோடேயே பயிற்சியில் இருக்க வைத்தது. மறுவருடம் மார்ச்சில் டோக்கியோ டோமில் இரண்டு ஆட்டம் ஆடவிட்டு, 45 வயதில், தன் நாட்டு மக்கள் முன்னால் விடைபெற வைத்தது. அதுதான் மரியாதை. பைரேட்ஸுக்கும் அந்த அளவு கற்பனை இருந்தால் நான் ஏன் கத்தப்போகிறேன்.

மூன்றாறு:

இச்சிரோ யோசனை நல்லா இருக்கு, ஆனால் மெக்கட்சன் இன்னும் ஆடத்தான் விரும்புகிறார். விருப்பமில்லாதவரை அலுவலகத்தில் உட்கார வைத்தால் அது மரியாதை இல்லை, மெதுவாக வெளியே தள்ளுவது. அவர் வேறு அணிக்குப் போய்விட்டால்? வேறு சட்டையில் பிஎன்சி பார்க்குக்கு வந்து நிற்பதை 2018-ல் ஒருமுறை பார்த்தாயிற்று, ஜயன்ட்ஸ் சட்டையில். ஊர் எழுந்து நின்று கைதட்டியது, எனக்கு மட்டும் எரிச்சல்தான் வந்தது.

இப்படிச் செய்யலாமா என்று யோசிக்கிறேன். முதலில் ஒரு நிஜமான பேட்டரை வாங்கட்டும், முடிந்தால் இடது கைக்காரர். பிஎன்சி பார்க்கில் இடது நடுப்பக்கம் 410 அடி, வலது கை பேட்டர் அடிக்கும் நல்ல அடியெல்லாம் அங்கே கேட்ச் ஆகிவிடும். வலது பக்கம் சுவர் உயரமே தவிர தூரம் குறைவு. அப்படி ஒருவர் வந்தால் டிஎச் நாட்களில் முக்கால்வாசி அவருக்கும் ரெனால்ட்ஸுக்கும் போகட்டும், மிச்சம் மெக்கட்சனுக்கு. ஒருவரையும் வாங்கவில்லை என்றால் மெக்கட்சன் திரும்பி வருவதற்கு நானே கைதட்ட மாட்டேன், ஏனென்றால் அப்போது வடகரை சொன்ன அந்தத் திரைச்சீலைதான் மிஞ்சும்.

கணக்கப்பிள்ளை:

வரிசை சரி, முதலில் பேட்டர், அப்புறம் கட்ச். வழக்கமாக இவர்கள் தலைகீழாகச் செய்வார்கள், முதலில் கட்ச் அறிவிப்பு, அப்புறம் 'பட்ஜெட் முடிந்தது' என்று கை விரிப்பு.

80 ஆட்டம் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை, .333 பேஸுக்குப் போகிறவர் பெஞ்சில் இருப்பது கெட்ட விஷயம் இல்லை. 135 ஆட்டம் என்றால் என் ஓட்டு கிடையாது. மார்ச்சில் ஃப்ளோரிடா முகாமில் டிஎச் வரிசையில் யார் பெயர் முதலில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து மறுபடி சண்டை போடலாம்.

மஞ்சள்_சட்டை_7:

நான் இன்னும் ஒரு ஆட்டம்கூட முழுசா பார்த்ததில்லை, ஆனால் இந்தத் திரியைப் படித்த பிறகு பார்க்கலாம் போலிருக்கிறது. ஸ்கீன்ஸ் போடுகிற நாளில் ஆரம்பிக்கட்டுமா?

கணக்கப்பிள்ளை:

@மஞ்சள்_சட்டை_7 ஆரம்பியுங்கள். ஏழு இன்னிங்ஸ் அற்புதமாக இருக்கும், அப்புறம் 1-0 என்று தோற்போம்.